கரை தெரிதல்

தெரிதல் என்னும் சொல்லுக்கு அறிதல் என்பது ஒரு பொருள். தேர்ந்தெடுத்தல் என்பது மற்றொரு பொருள். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரப் பெயர்கள் இவ்விரு பொருளையும் ஒருசேரச் சுமந்து நிற்கின்றன. அறியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்பவன், பிறர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டவனே ஆவான். ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகள் கல்விச் சுற்றுலா என்ற பெயரால் மாணவரைக் கடற்கரைக்கும் தீவுகளுக்கும் அழைத்துச் செல்லும் முறையைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருபவன் நான். நாம் கரையைத் தெரிவதில்லை. பயண முகவர் தெரிகிறார். நாம் பணம் கட்டுகிறோம்.

இது நடைபெறும் விதத்தை இந்நூலைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு வண்ணச் சிற்றேடு கைமாறும். அதில் நீலக்கடல் இருக்கும், வெண்மணல் இருக்கும், சாய்ந்த தென்னை ஒன்றும் தவறாமல் இருக்கும். மூன்று பகல், இரண்டு இரவு. தலைக்கு எவ்வளவு, பேருந்தில் குளிர்சாதனம் உண்டா, இரவில் பாட்டுக் கச்சேரிக்கு ஒலிபெருக்கி தருவார்களா என்று மூன்று வினாக்கள் எழும். விடை கிடைத்ததும் தீர்மானம் நிறைவேறும். அந்தக் கரை எத்திசை நோக்கியது, ஓதம் வடியும்போது நீர் எங்கே நிற்கும், அடியில் மணலா பவளப்பாறையா, அங்கு வாழ்வோர் யார் என்று வினவிய ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. வினவியவர் இருந்தால் அவரை வணங்குகிறேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். நம் பள்ளிகளுக்குப் பல பத்தாண்டுகளாக நீண்ட விடுமுறை நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே அமைந்து வந்தது. ஆகவே சுற்றுலாவும் அம்மாதங்களில் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கும் மாதங்களும் அவையே. அப்போது மெர்சிங் துறையிலிருந்து தீவுகளுக்குச் செல்லும் படகுகள் குறைந்துவிடும், சில நாள்களில் அறவே நின்றுவிடும். தீவு விடுதிகள் பல கதவடைத்துக்கொள்ளும். திறந்திருக்கும் சில விடுதிகள் விலையைக் குறைக்கும். அந்த மலிவைக் கண்டு நாம் மகிழ்கிறோம். மலிவுக்குக் காரணம் காற்று என்பதை முகவர் சொல்வதில்லை.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது, கோடை மேற்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து வருவது என்று நான்கு காற்றுக்கும் நான்கு பெயர்களை நம் மாணவர் மனப்பாடம் செய்திருக்கின்றனர். உலகில் எத்தனை மொழிகளுக்கு இப்படிப்பட்ட செல்வம் வாய்த்திருக்கிறது? ஆயினும் ‘கொண்டல் என்பது கீழ்க்காற்று’ என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்ற சிறுவனை, அதே கொண்டல் சீறும் டிசம்பரில், கிழக்கு நோக்கிய கரையில் இறக்கிவிட்டு ‘விளையாடு’ என்கிறோம். தேசாரு கரை அத்தகையது. அதற்கும் திறந்த கடலுக்கும் இடையே தடுப்பு ஏதுமில்லை. தியோமான் தீவின் ஜுவாராவும் கிழக்கு நோக்கியதே. அதே தீவின் மேற்குப் பக்கத்தில், மலைக்குப் பின்னே ஒதுங்கியிருக்கும் தெக்கெக் கரையில் நீர் அடங்கியிருக்கும் நாளிலும் ஜுவாராவில் அலை ஆளுயரம் எழும். இரண்டும் ஒரே தீவின் கரைகள். இடையே நிற்கும் மலைதான் வேறுபாடு. சிற்றேட்டில் இரண்டும் ஒரே நீலமாகவே தெரியும்.

அலை உடையாமல் ஓரிடம் மட்டும் அமைதியாகக் கிடப்பதைக் கண்டால், அங்கேதான் குளிக்கலாம் என்று நம் பிள்ளைகள் ஓடுவர். கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் பெரும்பாலும் அவ்விடத்தில்தான் ஓடும். அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையைக் கடந்த பிறகு கரை சேர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பேருந்தில் திரைப்படம் காட்டுவதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்கும் நமக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

அடுத்து, மண்ணின் கதை. மெர்சிங்குக்கு எதிரே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சிற்றேடுகள் ‘எரிமலைத் தீவுகள்’ என்று அழைக்கும். அச்சொல்லைக் கேட்ட மாணவன் புகையைத் தேடுவான். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஏதுமில்லை. ஆனால் அச்சொல் முழுப்பொய்யும் அன்று. திங்கி தீவு எரிமலைப் பாறைகளால் ஆனது. அந்தத் தீ அணைந்து பல கோடி ஆண்டுகள் ஆயின. கடலிலிருந்து கூம்பாக ஏறத்தாழ 600 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதன் தோற்றத்தைப் பழங்காலச் சீன மாலுமிகள் படைத்தலைவனின் தொப்பிக்கு ஒப்பிட்டனர். தியோமானின் கதை சற்று வேறு. அதன் பெரும்பகுதி கருங்கல். பூமிக்கு மேலே பீறிட்டு வராமல், அடியிலேயே மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறைக்குழம்புதான் கருங்கல். 1,038 மீட்டர் உயரமுள்ள காஜாங் மலையும், தெற்கே முக்குட் கம்பத்துக்கு மேலே கொம்புகள் போல நிற்கும் இரட்டைச் சிகரமும் இந்தத் தீவின் அடையாளங்கள். சீனத்திலிருந்து புறப்பட்ட நாக இளவரசி ஒருத்தி இங்கே களைப்பாறித் தீவாகவே மாறிவிட்டாள் என்று உள்ளூர்க் கதை சொல்கிறது. இரண்டையும் சொல்லுங்கள், பிள்ளைகள் இரண்டையும் விரும்புவர்.

எரிமலைத் தீவில் மணல் ஏன் வெண்மையாக இருக்கிறது? ஆசிரியர் ஒருவரும் கேட்டிராத வினா இது. மாணவர் கேட்டால் விடையின்றி நிற்கும் வினாவும் இதுவே. ஹவாயித் தீவின் புனாலூ கரையில் மணல் கறுப்பு. அது எரிமலைக் குழம்பு உடைந்து ஆன மணல். நம் தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு பவளத்திலிருந்தும் சிப்பியிலிருந்தும் வந்தது. கிளிமீன் பவளப்பாறையைச் சுரண்டித் தின்று, அதிலுள்ள சுண்ணாம்பை அரைத்து மணலாகக் கழிக்கிறது. நீங்கள் கால் புதைத்து நடக்கும் கரையில் ஒரு பகுதி மீனின் கழிவு என்று சொல்லிப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டான். கறுப்பு மணலைக் கண்ட இடமெல்லாம் எரிமலை என்று சொல்வதும் பிழையே. லங்காவித் தீவின் கறுப்பு மணல் கருங்கல்லிலிருந்து அரித்து வந்த கனிமங்களால் ஆனது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கரை கறுத்தும் சிவந்தும் கிடப்பதற்கும் கனிமங்களே காரணம். அதற்காகவே அங்கு மணல் ஆலை நடக்கிறது.

வெண்மணல் பவளத்தைச் சார்ந்தது என்று அறிந்தவன் பவளத்தின் மேல் ஏறி நிற்கமாட்டான். 1994ஆம் ஆண்டில் இந்தத் தீவுகளைச் சூழ்ந்த கடல் மீன்வளச் சட்டத்தின்கீழ்க் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது; பவளத்தை ஒடிப்பதும் எடுப்பதும் குற்றம். 2010ஆம் ஆண்டில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது தியோமானின் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றைச் சில மாதங்களுக்கு மூட வேண்டியதாயிற்று. இவ்வளவும் நடந்த பிறகும், பள்ளித் திரும்பிய மறுநாள் மேசை மேல் பவளத் துண்டை வைத்துக்கொண்டு ‘நினைவுப்பொருள்’ என்று காட்டும் ஆசிரியர் இருக்கிறார். மாணவனை எப்படிக் குறை சொல்வது?

‘ஐயா, எதற்கு இந்த வம்பு? பிள்ளைகளைக் கடலுக்கே அழைத்துப் போக வேண்டாம். குளம் கட்டிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது, காவலர் இருக்கிறார், காப்புறுதி இருக்கிறது’ என்பார் ஒரு சாரார். அவர்கள் அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தில் செய்ததை நம் வீடுகள் அனைத்தும் தொலைக்காட்சியில் கண்டன. பினாங்கிலும் கெடாவிலும் உயிர்கள் போயின. 2007 அக்டோபரில் தியோமான் வழியில் பயணப் படகு ஒன்று தீப்பற்றி உயிர்ச்சேதம் நேர்ந்தது. அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அதே 2004ஆம் ஆண்டில் அதே பேரலை நாளில் நடந்த மற்றொன்றையும் அவர்கள் அறிய வேண்டும். தாய்லாந்தின் புக்கெட் தீவில் மாய் காவ் கரையில் பெற்றோருடன் நின்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி தில்லி ஸ்மித், நீர் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டு, இரு வாரங்களுக்கு முன்பு புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து கூவினாள். கரையிலிருந்தோர் விரைந்து வெளியேறி உயிர் பிழைத்தனர். அங்கே காத்தது வேலியன்று, காவலரும் அல்லர். ஓர் ஆசிரியர் நடத்திய பாடம். நீச்சல் குளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் எங்கே கிடைக்கும்?

நம்மவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதற்கு இன்னோர் ஆழமான காரணமும் உண்டு என எண்ணுகிறேன். நம் பாட்டன்மார் கடல் வழியே வந்தவர்கள். ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்கள் நம் குடும்பங்கள்தோறும் இருந்தனர். 1973 வரை அக்கப்பல் ஓடியது. இறங்கியதும் அவர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய் லயத்தில் அடைத்தார்கள். அதன்பின் இரண்டு மூன்று தலைமுறைக்கு இரப்பர்க் காடும் செம்பனைக் காடுமே உலகம். குளுவாங்கிலிருந்து காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் சென்றால் சாலையின் இருமருங்கும் செம்பனை. அந்தச் செம்பனை முடிகிற இடத்தில் கடல். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு. அந்தத் தொலைவைக் கடக்காமலே முதுமை அடைந்த தோட்டத் தொழிலாளரை நான் அறிவேன். இப்படிப்பட்ட சமூகம் மேடை ஏறினால் மட்டும் கி.பி. 1025ஆம் ஆண்டை விட்டு இறங்குவதில்லை. கடாரம் கொண்டோம், கடலை ஆண்டோம் என்று முழங்குகிறோம். முழக்கம் முடிந்ததும் மாணவனைப் பார்த்து ‘தண்ணீர்ப் பக்கம் போகாதே, உனக்குத் தண்ணீரில் கண்டம்’ என்கிறோம். இராசேந்திர சோழனின் மாலுமிகளுக்குக் கண்டம் பார்த்த சோதிடர் யாரோ, தெரியவில்லை.

இனி, நான் தமிழாசிரியர் என்ற முறையில் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். ஐந்திணையில் நெய்தலை நாம் எப்படி நடத்துகிறோம்? நிலம்: கடலும் கடல் சார்ந்த இடமும். பொழுது: எற்பாடு. உரிப்பொருள்: இரங்கல். மரம், பறவை, தொழில் என்று கட்டம் போட்ட அட்டவணை. கட்டத்தை நிரப்பினால் பாடம் முடிந்தது. மாணவன் மனத்தில் நெய்தல் என்பது இந்தியாவில் எங்கோ, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு இருந்த ஓர் இடம். அது மெர்சிங்கில் இருக்கிறது என்று சொன்னால் அவன் நம்பமாட்டான். ஆசிரியரே நம்புவாரா என்பது ஐயம்.

மெர்சிங்குக்கு வடக்கே உள்ள ஆயர் பாப்பான் கரையிலும், தீவுகளின் கரைகளிலும், ஓதம் எட்டாத மணல்மேட்டில் தரையோடு தரையாகப் படர்ந்து ஊதா நிறத்தில் பூக்கும் கொடியைப் பாருங்கள். அதுதான் அடும்பு. அதன் இலை நுனி பிளந்து இரண்டாக இருக்கும். குறுந்தொகைப் புலவர் ஒருவர் அந்த இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டார். மலாய்க்காரர் அதே கொடியைத் ‘தாப்பாக் கூடா’ என்கின்றனர். குதிரைக் குளம்பு என்பது பொருள். ஒரே இலையைக் கண்டு இரண்டு மக்கள் இரண்டு விலங்கின் காலடியை நினைத்திருக்கின்றனர்! இதைவிடச் சிறந்த இலக்கியப் பாடமும் ஒப்பீட்டுப் பாடமும் எந்த நூலில் இருக்கிறது? நம் மாணவனுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவன் அந்தக் கொடியின்மேல் நடந்து போகிறான். அவனுக்கு அதைக் காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

சற்று உள்ளே தள்ளி நிழல் தரும் மரம் புன்னை. மலாயில் பெனாகா லாவுட். அதன் வெண்பூவும் பொன்னிற மகரந்தமும் நெய்தற் பாட்டுகளில் மணல்மேல் உதிர்ந்துகொண்டே இருக்கும். முள் இலையோடு வேர் ஊன்றி நிற்பது தாழை. இவை யாவும் ஜொகூர்க் கரையில் வளர்பவை. விதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை, பாடநூல் படத்தில் தேட வேண்டியதில்லை.

கடலுக்குள்ளும் ஒன்றுண்டு. சிபு தீவையும் திங்கி தீவையும் சூழ்ந்த ஆழமற்ற நீரில் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. (இது சரவாக்கின் சிபு நகரன்று, தஞ்சோங் லெமான் துறையிலிருந்து படகேறிச் செல்லும் சிறுதீவு.) அந்தப் புல்லை மேய வருவது கடற்பசு. மலாயில் டூயோங். பாக்கு நீரிணைத் தமிழ் மீனவர் அதை ஆவுளியா என்பர். தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஒரே உயிர், இரண்டு தமிழ்நிலங்களின் கடலில் மேய்கிறது. நம் மாணவன் அதைக் கண்ணால் காண்பது அரிது. ஆயினும் ஓதம் வடிந்த வேளையில் கடற்புல்லைத் தொட்டுப் பார்க்கலாம், ‘ஆவுளியா’ என்னும் சொல்லை அந்த இடத்தில் நின்று உச்சரிக்கலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் அன்று திருமணம் நடக்கும்.

‘பிள்ளைகள் மகிழ்ந்துவிட்டு வரட்டுமே, அங்கும் பாடமா?’ என்று கேட்பார் உண்டு. மகிழ்ச்சிக்கு நான் பகைவன் அல்லன். கிளிமீனின் கதையைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளை மகிழவில்லையா? விடுதியின் ஒலிபெருக்கிக்கு முன்னே ஆடுவது மட்டுமே மகிழ்ச்சி என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்? மேலும், அந்தப் பணம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியும் சிங்கப்பூருக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஓடியும் பெற்றோர் சேர்த்த வெள்ளி. அதை ஆட்டத்துக்குச் செலவிடும் உரிமை நமக்கு யார் தந்தது?

பழைய மாலுமிகள் கரை தெரிந்த முறை வேறு. 9ஆம் நூற்றாண்டு அரபுக் கடற்குறிப்பில் வரும் ‘தியூமா’ என்பது தியோமானே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கே நன்னீர் கிடைக்கும் என்பதே அவர்கள் குறித்துவைத்த சிறப்பு. நீரும் காற்றொதுக்கும் இருந்தால் அது நல்ல கரை. 1970களின் பிற்பகுதியில் வியட்நாமிலிருந்து படகில் தப்பியோர் மெர்சிங்குக்கு எதிரே தெங்ஙா தீவில் தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் எந்தக் கரையையும் தெரியவில்லை. உயிரோடு ஒதுங்கிய இடம் அவர்களுக்குக் கரை. இன்று அதே மணலுக்கு முகவர் விலை கூறுகிறார். இந்த வரலாற்றையும் மாணவர் அறிந்து அந்த நீரைப் பார்க்கட்டும்.

ஆகவே என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன்; மறுப்போர் காரணத்தோடு மறுக்கட்டும். நான்காம் ஆண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தீவு வேண்டா. ஏப்ரலிலோ ஜூலையிலோ, ஓதம் வடியும் நேரத்தைப் பார்த்து, ஆயர் பாப்பானுக்கு ஒருநாள் பயணம் போதும்: அடும்பு, நண்டு வளை, காற்றின் திசை. பெரிய மாணவருக்குச் சிபு தீவு. படகுப் பயணம் குறுகியது, கம்பத்து மீனவர் வலை பின்னுவதைக் காணலாம், அவர்கள் வீட்டிலேயே தங்கி உண்ணலாம், பணமும் அவர்கள் கைக்கே சேரும். தியோமானை ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கு விட்டுவிடுவேன். 50 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடக்க வேண்டிய அந்தத் தீவில் அவர்கள் முதலில் தெக்கெக்கையும் பிறகு ஜுவாராவையும் ஒரே நாளில் பார்த்து, இரண்டு கரைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழில் நான்கு பக்கம் எழுதட்டும். ஜுவாராவில் ஆமை முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் பணி நடக்கிறது. அதற்கு ஒரு மாலையை ஒதுக்கட்டும். எழுத முடியாதவர் பிறரை அழைத்துச் செல்ல வேண்டா.

மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமற்றது. ஓதம் ஏறினால்தான் பெரிய படகு வெளியேறும். ஆதலால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அடுத்த முறை முகவர் தொலைபேசியில் அழைத்தால், நாளைய படகு ஏன் இன்றைய நேரத்தில் புறப்படாது என்று கேளுங்கள். ‘அதெல்லாம் கப்பல்காரர் பார்த்துக்கொள்வார், சார்’ என்று விடை வந்தால், தொலைபேசியை வைத்துவிட்டு ஓத அட்டவணையை நீங்களே எடுத்துப் பாருங்கள்.